சனிக்கிழமைச் சிறு பந்தயங்களா, ஆண்டுக்கொரு பெரிய போட்டியா?

மலேசியாவின் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அருகே உள்ள சிலியாவிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாய்ப்படகு ஓட்டக் கற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து பழைய ஹோபி 16 கட்டமரான் (இரட்டை உடல் பாய்ப்படகு) ஒன்றை வாங்கினோம். ஞாயிறுதோறும் போர்ட்டிக்சனிலிருந்து தெலுக் கெமாங் வரை ஓட்டிவிட்டுத் திரும்புகிறோம். கவிழாமல் ஓட்டத் தெரிந்துவிட்டது. ஆனால் ஓராண்டாகத் திறமை அதே இடத்தில் நிற்கிறது. சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாறு படகுகள் கூடிக் குறும்பந்தயம் ஓட்டுகின்றன. அது பொழுதுபோக்கு, காசைச் சேர்த்து ஆண்டுக்கொரு முறை வெளியூர்ப் பெரிய போட்டிக்குப் போனால்தான் எதையும் கற்க முடியும் என்று மூத்தவர் ஒருவர் சொல்கிறார். எது சரி?"

தம்பி, சனிக்கிழமைப் பந்தயத்துக்குப் போங்கள். பெரிய போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஓர் இடம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் உங்கள் திறமை ஏன் நின்றுவிட்டது என்பதற்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. போர்ட்டிக்சன் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. பிற்பகலில் வெயில் ஏறியதும் கடற்காற்று கரையை நோக்கி, ஏறக்குறையக் குறுக்காக, வீசுகிறது. ஆகவே தெலுக் கெமாங்குக்குப் போகும்போதும் காற்று உங்களுக்குப் பக்கவாட்டில், திரும்பும்போதும் பக்கவாட்டில்தான். பக்கக் காற்று கட்டமரானுக்கு மிக எளிதான காற்று. பாயை ஓரளவு சரியாக வைத்துவிட்டால் படகு தானே ஓடும், நீர் தெறிக்கும், வேகமாகப் போகிறோம் என்ற மகிழ்ச்சியும் கிடைக்கும். அந்தப் பயணம் முழுவதிலும் நீங்கள் எத்தனை முறை காற்றை எதிர்கொண்டு படகைத் திருப்பினீர்கள்? நான்கைந்து முறைக்கு மேல் இருக்காது.

இப்போது சனிக்கிழமைப் பந்தயத்தை எண்ணிப் பாருங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி ஐந்நூறு, அறுநூறு மீட்டர் தொலைவில் ஒரு போயா, அதாவது மிதவைக் குறி. காற்று அந்தப் பக்கமிருந்து வருவதால் அதை நோக்கி நேரே ஓட முடியாது, மாறி மாறித் திரும்பியே போக வேண்டும். தொடக்கக் கோட்டுக்கு அருகில் இன்னொன்று. இரண்டு சுற்று, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மாலையில் மூன்று பந்தயம் என்றால் மூன்று தொடக்கம், ஆறு முறை கடல்பக்கத்து மேற்போயாவைச் சுற்றுதல், குறைந்தது இருபது முறை காற்றின் ஊடே திரும்புதல். ஆண்டுக்கு நாற்பது சனிக்கிழமை வந்தால் 120 தொடக்கங்களும் 800 திருப்பங்களும் உங்கள் கையில் சேரும். நான்கு நாள் நடக்கும் பெரிய போட்டியில் பத்துப் பன்னிரண்டு பந்தயம் கிடைத்தால் அதிகம். அங்கே செய்த தவற்றை அடுத்த ஆண்டுதான் திருத்த முடியும். இங்கே அடுத்த அரைமணி நேரத்தில் திருத்திப் பார்க்கலாம்.

என் தகப்பனார் நம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் வரும், எங்கே மரத்தில் காயம் பட்டுவிடும் என்பதை அவருக்கு யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரம் என்று கத்தி போட்ட கை அதைத் தானாகவே அறிந்துகொண்டது. வெட்டிய மறுநொடியே பால் வடிகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதுவே அவருக்கு ஆசிரியர். கடலிலும் எனக்கு நடந்தது அதுதான். பட்டறை வேலையிலிருந்து கொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டமரான் ஓட்டுகிறேன். அதில் முதல் ஆறு ஆண்டுகள் உங்களைப் போலக் கரையோரமாகப் போய் வந்ததில் கழிந்தன. நான் நன்றாக ஓட்டுகிறேன் என்றுதான் அப்போதெல்லாம் நம்பினேன். முதல் பந்தயத்தில், என்னுடையதைப் போன்ற அதே ஹோபி 16 ஒன்று என்னை நான்கு நிமிடம் பிந்தவிட்டு முடித்தது. அதே காற்று, அதே கடல், என் பாய் அதனுடையதைவிடப் புதியது. தனியாக ஓடும் படகு எப்போதும் வேகமாகத்தான் தெரியும். அருகில் ஒரு படகு ஓடும்போதுதான் உண்மை தெரிகிறது.

அந்த நான்கு நிமிடமும் எங்கே போனது என்று தேடியதில் பெரும்பகுதி திருப்பங்களில் கிடைத்தது. கட்டமரானைக் காற்றின் ஊடே திருப்புவதுதான் அந்தப் படகின் மிகக் கடினமான வேலை, ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஹோபி 16 ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமும் 145 கிலோ எடையும் கொண்டது. ஒற்றை உடல் படகைப் போல எடையின் உந்துதலால் காற்றைக் கடந்துவிட அதனால் முடியாது. இரண்டு நீண்ட உடல்களும் நேராக ஓடவே விரும்பும். சுக்கானை வெடுக்கென்று தள்ளினால் இரண்டு சுக்கான்களும் தடைக்கட்டை போல நீரைப் பிடித்து, படகு காற்றுக்கு நேரே நின்றுவிடும். முழு வேகத்தோடு, பெரிய பாயை இறுக்கிக்கொண்டு, சுக்கானை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். மூக்கு காற்றைத் தாண்டும் கணத்தில் பெரிய பாயின் கயிற்றை ஒரு முழம் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் அந்தப் பாயே படகை மறுபடியும் காற்றுக்குள் தள்ளும். முன்பாயை அவசரப்பட்டு மாற்றக் கூடாது. அது பின்காற்று வாங்கி மூக்கை மறுபக்கம் தள்ளி முடித்த பிறகே துணையாள் அதை விடுவித்து மறுபக்கம் இழுக்க வேண்டும். இதற்குள் இருவரும் இடம் மாறி, எடை சற்றுப் பின்னால் இருந்து, பிறகு பாயைச் சிறிது சிறிதாக இறுக்கி வேகம் எடுக்க வேண்டும். படகு நின்று பின்னால் நகரத் தொடங்கினால் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

இதைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும். கைக்கு வர நூற்றுக்கணக்கான முறை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் திருப்பம் கெட்டுப்போனால் சற்று நேரம் நின்று மறுபடி ஓடுவீர்கள், அவ்வளவுதான். பந்தயத்தில் அதே தவறு நடந்தால் அருகிலிருந்த படகு ஐம்பது மீட்டர் முன்னால் போய்விட்டிருக்கும். என்ன விலை கொடுத்தீர்கள் என்பது கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

இன்னொன்றும் அருகில் ஓடும் படகுதான் கற்பித்தது. ஹோபி 16-க்கு அடியில் நடுப்பலகை இல்லை; ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் அமைந்த உடல்களே பக்கவாட்டு நழுவலைத் தடுக்கின்றன. அந்த உடல்கள் வேகம் இருந்தால்தான் வேலை செய்யும். போயாவைக் குறிவைத்து மூக்கைக் காற்றுக்கு மிக நெருக்கிப் பிடித்தால், பார்வைக்கு நேராகப் போவது போல இருந்தாலும் படகு நண்டு போலப் பக்கமாக நழுவும். நான் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் ஓட்டினேன். மூக்கைக் காற்றிலிருந்து என்னைவிட ஐந்தாறு பாகை விலக்கி, வேகமாக ஓடிய படகு காற்று வரும் பக்கமாக என்னைவிட மேலே போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகே நம்பினேன். தனியாக ஓட்டியிருந்தால் இன்றுவரை அறிந்திருக்க மாட்டேன்.

தொடக்கம் தனிக் கலை. ஐந்து நிமிடத்தில் எச்சரிக்கை ஒலி, நான்கில் ஆயத்த ஒலி, ஒன்றில் கொடி இறக்கம், பிறகு தொடக்கம்; பந்தய விதிநூல் சொல்லும் வழக்கமான ஒழுங்கு இதுதான். கட்டமரான் கோட்டின் மேல் அசையாமல் காத்திருக்காது. நின்றால் நழுவும், நழுவினால் அடுத்த படகின் மேல் போய் முட்டும். நின்ற நிலையிலிருந்து முழு வேகம் பிடிக்க உங்கள் படகுக்கு, உங்கள் எடைக்கு, அன்றைய காற்றில் எத்தனை வினாடி ஆகும் என்பது உங்களுக்கு மட்டுமே தெரிய வேண்டிய எண். அந்த எண்ணை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தர முடியாது. 120 முறை தொடங்கியவருக்கு அது உடம்பில் பதிந்திருக்கும்.

பின்காற்றில் ஓடுவதையும் தனியாகக் கற்பது கடினம். காற்று முதுகில் அடிக்க நேராகப் போயாவை நோக்கி ஓடுவதுதான் குறுக்குவழி என்று புதியவர்கள் நினைப்பார்கள். கட்டமரானில் அது மெதுவான வழி. சற்றுச் சாய்த்து, படகின் வேகமே உண்டாக்கும் காற்றையும் சேர்த்து வாங்கி, வளைந்து வளைந்து இறங்கும் படகு முந்திவிடும். முன் இழுகம்பியில் கட்டிய நூல்துண்டு படகுக்குச் செங்குத்தாகப் பறந்தால் ஹோபியில் கோணம் ஏறக்குறையச் சரி. பலத்த காற்றில் இருவரும் பின்னால் தள்ளி உட்காராவிட்டால் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து மூக்கு நீரில் புதைந்து படகு தலைகுப்புறப் புரளும். எனக்கு இரண்டாவது மாதத்திலேயே அது நடந்தது. துணையாளின் தோளில் பாய்மரக் கம்பி உரசிக் காயமானது. முன்னால் ஓடிய படகில் இருவரும் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அன்று பார்த்திருந்தால் அந்தக் காயம் நேர்ந்திருக்காது. அதன் பிறகு நான் முந்தி ஓடும் படகின் பாயைப் பார்ப்பதைவிட அதில் இருப்பவர்களின் உடல் இருக்கும் இடத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நம் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. அதற்கேற்ப நீரோட்டம் கரைக்கு இணையாக இங்கும் அங்கும் மாறுகிறது. ஆழம் குறைந்த கரையோரத்தில் ஓட்டம் தளர்வு, வெளியே வேகம். எந்த ஓதத்தில் கரைப்பக்கமாகத் திருப்பம் போட வேண்டும், எப்போது வெளியே போக வேண்டும் என்பது பந்தயத்தின் பாதி. நவம்பர் முதல் மார்ச் வரை வாடைப் பருவத்தில் தித்திவாங்சா மலைத்தொடர் நம் கரையை மறைப்பதால் பல நாள்களில் காற்று மெலிந்துதான் இருக்கும். மெல்லிய காற்றில் கட்டமரானை நகர்த்துவது பொறுமையைக் கேட்கும் வேலை. எடையை முன்னுக்குத் தள்ளிப் பின்பக்கத்து இழுவையைக் குறைக்க வேண்டும், அசையாமல் கிடக்க வேண்டும். பலர் அந்த மாதங்களில் வருவதில்லை. நீங்கள் வாருங்கள், மெல்லிய காற்றில் கற்றது எல்லாக் காற்றுக்கும் உதவும்.

கட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினேழாம் நூற்றாண்டிலேயே அது ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. ஆனால் பொருள் மாறிப் போயிற்று: நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, இரட்டை உடல் படகு பசிபிக் தீவு மக்களின் மரபு. சோழமண்டலக் கரையில் அலைமுறியும் இடத்தைத் தாண்டிக் கட்டுமரம் செலுத்தியவர்கள் அதே கரையில், அதே அலையில், நாள்தோறும் போய் வந்தே அந்தத் திறமையைப் பெற்றார்கள் என்பதை மட்டும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

விதிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பந்தய விதிநூல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. தொடக்கத்தில் மூன்று விதி போதும். வலப்பக்கத்தில் காற்று வாங்கும் படகுக்கு இடப்பக்கத்தில் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். ஒரே பக்கத்தில் காற்று வாங்கும் இரண்டு படகுகள் அருகருகே ஓடினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது மறுபக்கத்தில் இருப்பதற்கு வழிவிட வேண்டும். போயாவுக்கு மூன்று படகு நீளத் தொலைவுக்குள் வரும்போது உள்பக்கமாக இருக்கும் படகுக்குச் சுற்ற இடம் கொடுக்க வேண்டும். மீறிவிட்டால் உடனே விலகி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் தண்டனை தீர்ந்தது; கட்டமரானில் இரண்டு சுற்று எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பதை ஒருமுறை அனுபவித்தால் மறுமுறை வழிவிடுவீர்கள். ஐந்து படகு ஓடும் இடத்தில் இந்த விதிகளைக் கற்பது, ஐம்பது படகு நெருக்கும் கோட்டில் கற்பதைவிடப் பாதுகாப்பானது.

பந்தயம் முடிந்து படகுகளை மணலில் இழுத்துப் போட்ட பிறகு நடப்பதை நான் மிக மதிக்கிறேன். உப்பு காயாத உடம்போடு, தே தாரிக் ஒரு கோப்பையோடு, இரண்டாவது சுற்றில் நீ ஏன் கரைப்பக்கம் போனாய் என்று ஒருவர் கேட்பார். நீங்கள் சொல்ல வேண்டும். ஐந்து படகே இருப்பதால் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். வென்றவர் மறைக்க மாட்டார், ஏனென்றால் அடுத்த வாரமும் அவருக்குப் போட்டியாள்கள் வேண்டும். பெரிய போட்டியில் வென்றவரிடம் நீங்கள் போய்க் கேட்டால் அவர் அன்போடு பதில் சொல்லக்கூடும். ஆனால் உங்கள் படகை அவர் பார்த்தே இருக்க மாட்டார்.

உங்கள் மூத்தவர் சொன்னதிலும் உண்மை இல்லாமலில்லை. ஒரே ஐந்து பேரோடு ஒரே குடாவில் ஓடினால் கடலை அறிவதற்குப் பதில் அந்த ஐந்து பேரின் பழக்கத்தை மட்டும் அறிந்துகொள்ளும் ஆபத்து உண்டு. நம் தொடக்கக் கோட்டில் நெருக்கம் இல்லை. அதனால் சோம்பலாகத் தொடங்கியும் தப்பித்துவிடலாம். பெரிய போட்டியில் உங்கள் இருபுறமும் கைநீட்டினால் தொடும் தூரத்தில் படகு இருக்கும், காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகுகள் கலைத்துவிட்ட காற்று உங்கள் பாயைச் சாகடிக்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் நாற்பது ஐம்பது குறும்பந்தயம் ஓட்டிய பிறகு போங்கள். அப்போதுதான் அங்கே நடப்பது என்னவென்று கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன் போனால் நான்கு நாளும் கூட்டத்தின் கடைசியில் ஓடி, களைப்போடும் செலவோடும் திரும்புவீர்கள். நான் அப்படித் திரும்பியவன்.

வெறுமனே வந்து ஓடினாலும் போதாது. ஒரு மாலைக்கு ஒரே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: இன்று திருப்பத்தில் பெரிய பாயை விடும் நேரம் மட்டும், அடுத்த வாரம் தொடக்கக் கோட்டின் எந்த முனை நல்லது என்பது மட்டும். முடிவில் எத்தனையாவது வந்தீர்கள் என்பதை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நீங்களும் சித்தப்பா மகனும் பந்தயத்துக்குப் பந்தயம் இடம் மாறுங்கள். சுக்கான் பிடித்தவன் முன்பாயைப் பிடித்துப் பார்த்தால்தான் துணையாளுக்கு எவ்வளவு நேரம் தேவை என்பது விளங்கும். வேறு வகைப் படகு வந்தால் நேரத்தைச் சரிக்கட்டும் கணக்கு ஒன்று உண்டு. ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த வகைக்குரிய எண்ணால் வகுப்பார்கள். ஆனால் கற்பதற்கு ஒரே வகைப் படகோடு ஓடுவதே மேல், சாக்குச் சொல்ல இடமிருக்காது.

பாதுகாப்பில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உயிர்காப்பு மேலங்கி இல்லாதவரைக் கடலில் இறங்க விடுவதில்லை. மீட்புப் படகு வராத நாளில் பந்தயமும் இல்லை. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் மாலை இடிமழை உள்நாட்டுப் பக்கமிருந்து வேகமாக வரும். அலுமினியப் பாய்மரத்தோடு மின்னலின் கீழ் இருக்கக் கூடாது, ஆகவே கிழக்கே கறுத்தால் உடனே கரைக்கு வர வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் அடிப்பது. ஞாயிறன்று காலையிலேயே வேறு படகுத் துணையில்லாமல் புறப்பட்டால் நீங்கள்தான் அதற்கு அதிகம் அஞ்ச வேண்டியவர்கள். கவிழ்ந்த படகை நிமிர்த்தப் பழகிவிட்டீர்களா? மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, இரண்டு பாயின் கயிற்றையும் விடுவித்து, நிமிர்த்தும் கயிற்றில் இருவரும் முழு எடையையும் போட்டுச் சாய வேண்டும். ஹோபி 16 பந்தயத்தில் இருவரும் சேர்ந்து குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும் என்பது அந்தப் படகு வகைக்கான விதி. நீங்கள் இருவரும் ஒல்லி என்றால் பலத்த காற்று நாளில் நிமிர்த்துவது சிரமம், அதை முதலில் கரைக்கருகே ஆழமில்லாத நீரில் செய்து பாருங்கள்.

வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கே வந்துவிடுங்கள், நான்கரைக்கு முதல் தொடக்கம். சுக்கான் ஆணிகளையும் பாய்மர இழுகம்பி ஊசிகளையும் முந்தின நாளே பார்த்து வையுங்கள், கையில் ஒரு கடிகாரம் கட்டி வாருங்கள். முதல் பந்தயத்தில் என் படகின் பின்னாலேயே ஓடி நாங்கள் எங்கே திரும்புகிறோம் என்பதை மட்டும் பாருங்கள். இரண்டாவதில் உங்கள் சித்தப்பா மகன் என் படகுக்கு வரட்டும், நான் உங்கள் படகில் முன்பாயைப் பிடிக்கிறேன்.